ஆடுகிற பையனைக் குறித்து ஒரு தாய்மாமனுக்கு

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அக்காள் மகன் எட்டு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் பயில்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நாட்டியத்திலேயே பட்டம் படிக்க வேண்டும் என்கிறான். உங்கள் அத்தான் அதற்குச் சம்மதிக்கவில்லை. பையனின் நடை மாறிவிட்டது, பேசும்போது கை தனியாகப் பேசுகிறது, இப்படியே விட்டால் 'ஒரு மாதிரி' ஆகிவிடுவான் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட ஆண்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பாளர்களா, ஆட்டம் ஒருவனை அப்படி ஆக்குமா, கல்யாணம், பிழைப்பு என்று அவனுக்கு ஒரு வழி உண்டா என்பவை உங்கள் கேள்விகள். கடைசி வரியில், போகிற போக்கில், அவனுக்கு மூன்று மாதமாக வலது முழங்காலில் வலி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாக ஆட்டம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையிலும், இதே பேச்சை என் பதினேழாம் வயதில் கேட்டவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆட்டம் எந்தப் பையனையும் தன்பாலீர்ப்பாளன் ஆக்குவதில்லை. யாரைக் கண்டால் மனம் இளகுகிறது என்பது ஒருவனுக்குள்ளேயே இருக்கும் சங்கதி. முழங்கால்களை மடக்கி விரித்து அரைமண்டியில் உட்காருவதாலோ கண்ணுக்கு மை தீட்டுவதாலோ அது வருவதும் இல்லை, அவற்றை நிறுத்துவதால் போவதும் இல்லை. உறவினர்கள் கண்ட மாற்றம் உடம்பில் ஏறிய தொழிற்பழக்கம். தவில்காரர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய விரல்கள் மேசைமேல் சொற்கட்டு வாசித்துக்கொண்டிருப்பதை நம் ஊர்களில் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. எட்டு ஆண்டுகள் தொடையை வெளிப்புறமாகத் திருப்பி, பாதங்களை இரு பக்கமும் விரித்து நின்ற பையன் தெருவில் நடக்கும்போது பாதம் சற்று வெளியே திரும்பத்தான் செய்யும்; பேச்சின் நடுவே விரல்கள் தாமாகவே பதாகம், கத்தரீமுகம் என்று ஏதாவதொரு முத்திரை பிடிக்கும்; முதுகு வளையாது. இதற்குப் பெண்மை என்று பெயர் வைத்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்களே.

ஆடுகிற ஆண்களில் பெரும்பாலோர் அப்படித்தானா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொன்னால் அது நேர்மையாக இருக்காது. நான் நெருங்கிப் பழகிய ஆண் ஆட்டக்காரர்களில் மனைவி மக்களோடு வாழ்பவர்கள் உண்டு, தன்பாலீர்ப்பாளர்களும் உண்டு, எதையும் சொல்லாமலேயே வயதாகிப் போனவர்களும் உண்டு. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணிச் சொல்ல மாட்டேன், ஏனெனில் எண்ணத் தொடங்கினால் ஒவ்வொருவரையும் பற்றி ஊகிக்க வேண்டிவரும், இந்தத் தொழிலில் ஆண்கள் படுகிற பாட்டில் பாதி அந்த ஊகத்தால் வருவது. வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் உரக்கடையிலும் தன்பாலீர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கே உடம்பையும் உணர்ச்சியையும் யாரும் வெளியே காட்டச் சொல்வதில்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. சிறு வயதிலிருந்தே "ஆம்பளையா இரு" என்று அதட்டப்பட்டு வளர்ந்த சில பையன்களுக்கு, அழுவதையும் நாணுவதையும் தாளத்தோடு செய்யச் சொல்லித்தருகிற ஆட்டக்கூடம் மூச்சுவிடுவதற்குக் கிடைத்த இடம். அவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள் என்பது உண்மை. வந்தபிறகுதான் அப்படி ஆனார்கள் என்பது தலைகீழ்க் கணக்கு.

உங்கள் அத்தானுக்கு ஆடுகிற ஆண் ஏதோ புதிதாக முளைத்தவன் போலத் தோன்றுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில், கரணங்கள் எனப்படும் 108 ஆட்ட நிலைகளில் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன; மீதிக் கற்கள் இன்றும் வெறுமையாக நிற்கின்றன. அந்த 81 சிற்பங்களிலும் ஆடுபவர் நான்கு கைகளோடு கூடிய சிவபெருமான். அதே கோயிலில், இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் விட்டுக்கொடுத்ததைச் சொல்கிறது. சாக்கைக் கூத்து ஆடிய ஆண்களுக்கு நிலம் கொடுத்த சோழர் காலக் கல்வெட்டுகளும் இந்த மண்ணில் உள்ளன. பின்னால், இரண்டாம் சரபோசி காலத்தில், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர்தாம் இன்று உங்கள் மருமகன் ஆடுகிற அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். நால்வரும் ஆண்கள். இசை வேளாளர் குடும்பங்களில் பெண்கள் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட, ஆண்கள் தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கமும் மிருதங்கமும் ஏற்றார்கள். மேடையில் பின்னால் நின்றாலும், முன்னால் ஆடப்பட்ட ஒவ்வொரு அடவும், அதாவது ஆட்டத்தின் ஒவ்வொரு அடிப்படை அசைவும், அவர்கள் உடம்பு வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போயிற்று.

அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நானும் கற்றேன். அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயதிருக்கும். மேல்சட்டை இல்லாமல், திண்ணையில் சம்மணமிட்டு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி, காதலைப் பாடும் பதம் சொல்லித்தருவார். இரவை வேறொருத்தி வீட்டில் கழித்துவிட்டு விடியற்காலையில் வாசலில் வந்து நிற்கும் நாயகனை நாயகி பார்க்கிற பார்வை அன்றைய பாடம். தட்டுக்கழியை மடியில் வைத்துவிட்டு, புருவத்தை ஒரு நெல்மணி அளவுக்கு உயர்த்தி, முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். அவ்வளவுதான், எதிரே உட்கார்ந்திருந்த எங்களுக்கு, தவறு செய்தது நாங்கள்தாமோ என்று உடம்பு கூசியது. அடுத்த நொடியில், கொல்லையில் ஆடு புகுந்து முருங்கைக் கன்றைக் கடிப்பதைப் பார்த்து "ஏய்!" என்று அதட்டினாரே, அந்தக் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். நாயகியும் அவர்தான், ஆட்டை விரட்டியவரும் அவர்தான். அவருடைய ஆண்மையைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் கேள்வி எழுப்பியதாக நினைவில்லை. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ருக்மிணி தேவியும் மிருணாளினி சாராபாயும் கற்றார்கள், ராம் கோபால் என்ற ஆணும் கற்றார். சிருங்கார அபிநயம் சொல்லித்தந்ததால் பிள்ளையவர்கள் பெண்தன்மை அடைந்துவிட்டார் என்று எவரும் பேசியதில்லை.

ஆண் ஒருவன் பெண்ணின் மனத்தை ஏற்றுப் பேசுவது நம்மிடம் பக்தியின் மொழியாகவே இருந்திருக்கிறது. சீர்காழிப் பக்கத்துத் திருக்குறையலூரில் பிறந்த திருமங்கை மன்னர் படை நடத்தியவர், வழிப்பறி செய்ததாகவும் கதை சொல்லப்படுபவர். உற்சவ மூர்த்தியாகக்கூடக் கையில் வேலோடுதான் நிற்கிறார். தை அமாவாசைக்கு மறுநாள் திருநாங்கூரில் 11 கருட சேவை பார்க்கப் போகிறவர்கள் அவரைச் சேவித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதே மன்னர் பாசுரங்களில் பரகால நாயகியாக மாறி, பெருமாளைப் பிரிந்த பெண்ணாக ஏங்குகிறார். வேலும் ஏக்கமும் ஒரே ஆளிடம் இருப்பதில் நம் முன்னோர்கள் முரண்பாடு எதையும் காணவில்லை. வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் நாயகியாக நிற்கிற உங்கள் மருமகன் செய்வதும் அந்த வழிவந்த வேலைதான். பரதநாட்டியத்தில் ஒரே ஆள் தலைவி, தோழி, தலைவன், பழி தூற்றும் ஊரார் ஆகிய எல்லாருமாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் மேடையில் இராவணனாகவும் வேடனாகவும் மாறுகிறபோது அவர்கள் மீசை முளைத்துவிடுமோ என்று யாரும் கவலைப்படுவதில்லை என்பதையும் உங்கள் அத்தானிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒருமுறை அவரை அழைத்துக்கொண்டு, நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மேலட்டூருக்குப் போய்வாருங்கள். வரதராசப் பெருமாள் கோயில் முன்பு இரவில் நடக்கும் பாகவத மேளாவில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கிறார்கள்; பாட்டும் பேச்சும் தெலுங்கு. பல ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒப்பனை நடக்கும் இடத்தில் சிறிது நேரம் இருக்க வாய்த்தது. நகரத்தில் அலுவலக வேலை பார்க்கும் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கைக்கண்ணாடியைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்து மீசையை மழித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்த அவர் மகன் பக்கத்தில் நின்று, புடவைக் கொசுவத்துக்கு ஊக்கு எடுத்துக் கொடுத்தான். சவரியைச் சேர்த்துச் சடை பின்னியபோது தலை வலிக்கிறது என்று முனகினார். இரவு, மகன் பிரகலாதனுக்கு நேரும் கொடுமையைக் கண்டு லீலாவதி புலம்பும் இடத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விடிந்ததும் அந்த மனிதர் தேங்காயெண்ணெயால் முகத்தை வழித்துத் துடைத்துவிட்டு, காபியை ஆற்றிக் குடித்தபடி பேருந்து நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு நெருடலையும் மறைக்க விரும்பவில்லை. மேலட்டூரில் பெண் வேடம் கட்டுகிறவருக்கு ஊர் மரியாதை செய்கிறது; அதே மாவட்டத்தில், திருவிழாக் கரகாட்டத்தில் பெண் வேடம் கட்டிய ஆணுக்கு விசிலும், சட்டையில் குத்தப்படும் பத்து ரூபாய் நோட்டும், ஆட்டம் முடிந்தபின் இருட்டில் கையைப் பிடித்து இழுப்பதும் கிடைக்கின்றன. கட்டிய சேலை ஒன்றுதான். கட்டியவரின் சாதியும் பணமும் மாறும்போது பார்க்கிறவர் பேச்சும் மாறிவிடுகிறது. ஆண்மை என்பதை நாம் எவ்வளவு வசதிக்கேற்ப அளக்கிறோம் என்பது எனக்கு விளங்கியது புத்தகங்களைப் படித்து அல்ல, இந்த இரண்டு இரவுகளையும் அடுத்தடுத்த மாதங்களில் பார்த்தபோதுதான். மூன்றாவதாக இன்னொன்று: நாடகக் கம்பெனிக் காலத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போடாத பையன் குறைவு. வீரபாண்டிய கட்டபொம்மனாக மீசை முறுக்கிய சிவாசி கணேசன்கூடச் சிறுவனாக மேடையேறியது சீதை வேடத்தில். சூரக்கோட்டைப் பக்கத்தில் அவரைப் பற்றி யாரிடமாவது சந்தேகமாகப் பேசிப் பாருங்கள்!

பிறகு இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? என் கருத்தைச் சொல்கிறேன். 1930களில் சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறி, வேறு குடும்பங்களின் பெண்கள் கற்கும் கலையாகியபோது, ஆட்டம் என்றால் பெண், அதிலும் மதிப்பான வீட்டுப் பெண், என்ற படிமம் உறுதிப்பட்டது. வழக்கறிஞரும் விடுதலைப் போராட்டக்காரருமான ஈ. கிருஷ்ண ஐயர், மேலட்டூர் நடேச ஐயரிடம் கற்று, தாமே பெண் வேடமிட்டு மேடைகளில் ஆடிக்காட்டித்தான் சதிரின் மேலிருந்த இழிபெயரைத் துடைக்க முயன்றார். அந்த முயற்சியால் நாட்டியத்துக்கு மரியாதை வந்தது. ஆனால் அவரைப் போலப் பெண் உணர்வை ஏற்று ஆட விரும்பிய பிற்கால ஆண்களுக்கு அந்த மரியாதையில் பங்கு கிடைக்கவில்லை. வந்த ஆண்களிடம், வீறுள்ள தாண்டவம் ஆணுக்கு, நளினமான லாஸ்யம் பெண்ணுக்கு என்று கோடு கிழித்து, நீ சிவனாடு, வீரம் காட்டு, தோளை அகட்டு என்றார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அமெரிக்காவில் டெட் ஷான் என்பவர் 1933இல் ஆண்கள் மட்டுமே கொண்ட நாட்டியக் குழு ஒன்றைத் தொடங்கினார். ஆடுவது ஆண்மைக்கு இழுக்கன்று என்று நிறுவுவதற்காக, உடற்பயிற்சிக் கல்லூரி மாணவர்களைச் சேர்த்து, உழைப்பாளியும் போர்வீரனுமாக அவர்களை ஆடவைத்து 1940 வரை ஊர் ஊராகப் போனார். அதற்கு முன்பே, கீழை நாடுகளில் பயணம் செய்த காலத்தில், சிவதாண்டவத்தைத் தம் போக்கில் ஆடியும் இருக்கிறார். அந்த ஷான் தாமே தன்பாலீர்ப்பாளர். அதை வெளியே சொல்லாமல், தசையைக் காட்டி மற்றவர்கள் வாயை அடைத்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் வாழ்ந்த காலம் அப்படி. ஆனால் நிரூபித்துக்கொண்டே ஆடுகிறவனின் ஆட்டத்தில் ஒரு விறைப்பு வந்துவிடுகிறது. என் இருபதுகளில், நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் ஒருவர் என்னிடம், "ஆணின் தனிக் கச்சேரிக்குக் கூட்டம் வராது, பதம் வேண்டாம், நடராசர் கீர்த்தனம் இரண்டு ஆடிவிட்டு இறங்கிவிடுங்கள்" என்றார். நான் அப்படியே செய்தேன். முத்துத்தாண்டவர் பதம் ஒன்றைப் பத்து மாதம் உழைத்துத் தயார் செய்திருந்தேன். அதை மேடையில் ஆட எனக்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயிற்று.

சட்டத்தைப் பற்றியும் உங்கள் அத்தான் தெரிந்துகொள்ளட்டும். ஒத்த மனமுள்ள வயதுவந்தோரின் தன்பால் உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தம் பெயரில் தாங்கி நின்ற நவ்தேஜ் சிங் ஜோஹர் பரதநாட்டியக் கலைஞர் என்பது பலருக்குத் தெரியாது. இது நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அதே ஆண்டு அறிவித்தது. மருத்துவத்தால் 'மாற்றுகிறேன்' என்ற முயற்சிகளைத் தடைசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 சூனில் உத்தரவிட்டது. ஆகவே, யாராவது மந்திரிக்கவோ ஊசி போடவோ அழைத்துப் போகச் சொன்னால் கேட்காதீர்கள்.

திருநங்கையரையும் தன்பாலீர்ப்புள்ள ஆண்களையும் உறவினர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்லிக் கேலி செய்வதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு. மதுரையில் பிறந்து, தஞ்சைக்கு வந்து, நால்வர் வழிவந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் குருகுலமாக இருந்து கற்ற நர்த்தகி நடராஜ் ஒரு பெண். 2019இல் பத்மஸ்ரீ பெற்ற திருநங்கை. அவரை ஆண் ஆட்டக்காரர்களுக்கு எடுத்துக்காட்டாக நான் சொல்ல மாட்டேன். பழைய மரபில் ஊறிய கிட்டப்பா பிள்ளை, வாசலில் வந்து நின்றவரின் தாகத்தை மட்டும் பார்த்து உள்ளே விட்டார் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

உங்கள் மருமகன் இவர்களில் யார் என்று எனக்குத் தெரியாது. பெண்ணை விரும்புகிற சாதாரணப் பையனாகவே இருக்கலாம், அப்படித்தான் பலர் இருக்கிறார்கள். அவனாகச் சொல்லாதவரை நீங்களும் கேட்டுத் துளைக்க வேண்டாம். ஒருவேளை அவன் தன்பாலீர்ப்பாளன் என்று பின்னால் சொன்னால், ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்து வைத்த கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் எதுவும் அறியாமல் வந்த பெண்ணின் வாழ்க்கைதான் முதலில் வீணாகிறது, அவள் அழுவதை இரு வீட்டாரும் பார்க்காதது போல இருந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் உண்மையில் கவலைப்படுகிறேன். ஆட்டம் தொட்டுச் சொல்லித்தரும் வித்தை. வாய்ப்பு பெரியவர்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பையன்களிடம் அத்துமீறுகிற ஆசிரியர்களும் ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்களாகவும் இருக்கலாம், பெண்களாகவும் இருக்கலாம். பெண் பிள்ளைக்கு நேர்ந்தால் வீட்டில் சொல்ல ஓரளவு வழி இருக்கிறது. பையனோ, சொன்னால் தன்னையே 'ஒரு மாதிரி' என்று விடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறான். உறவினர்கள் செய்கிற கேலி உண்மையில் அத்துமீறுகிறவனுக்குத்தான் காவலாக நிற்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பையன்களுக்கும் பொருந்தும். அவனிடம் நீங்கள், தாய்மாமன், தனியாக உட்கார்ந்து, "எது நடந்தாலும் என்னிடம் சொல்லலாம், உன்னைக் குறைவாக நினைக்க மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். நம் குடும்பங்களில் தகப்பனிடம் சொல்ல முடியாததை மாமனிடம் சொல்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது.

பிழைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தனி ஆட்டத்தால் மட்டும் குடும்பம் நடத்துகிற ஆண்கள் மிகக் குறைவு. நாட்டிய நாடகங்களில் கண்ணனாகவும் இராமனாகவும் ஆடவும், நட்டுவாங்கம் செய்யவும், சொல்லிக்கொடுக்கவும் ஆண்களுக்குத் தேவை இருக்கிறது. வருமானம் பெரும்பாலும் வகுப்புகளிலிருந்து வரும். திருவையாற்று அரசு இசைக் கல்லூரி, திருச்சி கலைக்காவிரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மூன்றையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் பரதநாட்டிய ஆசிரியர் பணியும் உண்டு. கூடவே நட்டுவாங்கத்தை இப்போதே கற்கத் தொடங்கட்டும்.

இனி அந்த முழங்காலுக்கு வருகிறேன். பதின்ம வயதில் பையன்களுக்கு எலும்பு வேகமாக வளர்ந்து, தொடையும் இடுப்பும் இறுகிப்போகும். அரைமண்டியின் விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அங்கே வராதபோது பாதத்தை மட்டும் வலிந்து திருப்பிக்கொள்கிறார்கள், முறுக்கு முழுவதும் முழங்காலில் விழுகிறது. சிமெண்டுத் தரையில் தட்டடவும் மண்டி அடவும் போட்டால் இன்னும் மோசம். அவனை உங்கள் முன்னால் அரைமண்டியில் நிற்கச் சொல்லுங்கள். முழங்கால், பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே இல்லாமல் உள்பக்கம் சாய்கிறதென்றால், விரிவைக் குறைத்து நிற்க வேண்டும். அழகு குறைந்தாலும் பரவாயில்லை. எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்கும் வரை முழுமண்டியும் குதிக்கிற அடவுகளும் வேண்டாம். மூன்று மாத வலியை ஒரு பதினேழு வயதுப் பையன் வீட்டில் பெரிதாகச் சொல்லாமல் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறான் என்றால், வலிக்கிறது என்று சொன்னால் அதையே சாக்காக வைத்து ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். இந்த வாரமே அழைத்துப் போங்கள், முடிந்தால் உங்கள் அத்தானையும் கூட அழைத்துக்கொண்டு.